கலர் கலராக மெயில் அனுப்பினால் கம்பி விற்குமா?

இந்தத் தடவை கொஞ்சம் வியாபாரம் பேசலாம். நான் பட்ட அவமானம் ஒன்றும் இதில் இருக்கிறது, அதனால் தைரியமாகப் படிக்கலாம் :-)

என் மாமாவுக்கு சாத்தாங்காட்டில் ஒரு சின்ன இரும்புக் கடை. தெரியாதவர்களுக்காக: சாத்தாங்காடு திருவொற்றியூருக்கு மேற்கே, மணலிக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பு, எஃகுச் சந்தை. ஜார்ஜ் டவுன் தெருக்களில் லாரி நெரிசல் தாங்காமல், இரும்பு வியாபாரத்தை அங்கிருந்து நகர்த்துவதற்காக சி.எம்.டி.ஏ. உருவாக்கிய இடம். கம்பி, ஆங்கிள், சேனல், பீம், தகடு என்று எல்லாம் கிடைக்கும். தூசியும் டிரெய்லர் லாரியும் இலவசம்.

கல்லூரியில் மார்க்கெட்டிங் பேப்பர் படித்த சூட்டோடு, "மாமா, உங்க கடைக்கு நான் நியூஸ்லெட்டர் போட்டுத் தரேன்" என்றேன். "அது இன்னாடா?" என்றார். "வாடிக்கையாளர் எல்லாருக்கும் மாசா மாசம் ஒரு மெயில் போகும். வியாபாரம் பிச்சுக்கும்" என்றேன். நம்பிவிட்டார் மனுஷன்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்தேன். மேலே பெரிய லோகோ. அதற்குக் கீழே வானுயர்ந்த கட்டடங்கள் (எதுவும் சென்னையில் இல்லை). "உங்கள் எல்லா எஃகுத் தேவைகளுக்கும் ஒரே தீர்வு" என்று ஒரு வாசகம். ஆரஞ்சு கலரில் ஒரு பட்டன். பழைய பில், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலிருந்தும் முகவரிகளைப் பொறுக்கி, கடையின் ஜிமெயிலிலிருந்தே அத்தனை பேருக்கும் ஒரே தட்டில் அனுப்பினேன்.

வந்த பதில்கள் மூன்று. முதல் பதில்: "ரேட்டு என்ன?" இரண்டாவது: "என் ஐடியை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?" மூன்றாவது மெயிலாக வரவில்லை. எண்ணூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர், மாமாவிடம் பல வருஷமாக வாங்குபவர், போனில் கேட்டார்: "இன்னா அண்ணே, கடைய வேற யார்கிட்டயாவது குடுத்துட்டியா?"

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அடுத்த வாரம் ஒரு கான்ட்ராக்டருக்கு மாமா அனுப்பிய கொட்டேஷன் அவருடைய ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்துவிட்டது. அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு கடையில் வாங்கிவிட்டார். மாமா என்னைத் திட்டவில்லை. "சரி விடுடா" என்றார். அதுதான் ரொம்ப வலித்தது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: நல்ல நியூஸ்லெட்டர் என்பது, அது வராத நாளில் "ஏன் வரவில்லை?" என்று ஒருவராவது கேட்கிற நியூஸ்லெட்டர். அழகு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கொஞ்சம் வரலாறு பாருங்கள். 1978 மே மாதம் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் கேரி துயெர்க் என்பவர், அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நிறையப் பேர் கோபப்பட்டார்கள். ஆக, கேட்காமல் அனுப்பினால் திட்டு விழும் என்பது எனக்கு முன்பே, 1978லேயே நிரூபிக்கப்பட்ட உண்மை. நான்தான் பாடம் படிக்கவில்லை.

இன்னொரு உதாரணம். 2012ல் ஒபாமாவின் தேர்தல் குழு இணையம் வழியாகச் சுமார் 69 கோடி டாலர் நன்கொடை திரட்டியது. பெரும்பகுதி மின்னஞ்சல் மூலம் வந்தது. ஒரே கடிதத்தைப் பல தலைப்புகளில் சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்து, அதிகம் ஈட்டியதைத்தான் எல்லோருக்கும் அனுப்பினார்கள். எதிரணி என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறது என்ற பொருளில் தலைப்பு வைத்த ஒரு மெயில் மட்டும் 26 லட்சம் டாலருக்கு மேல் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், அழகான வடிவங்களைவிட, மஞ்சள் பூசிய அசிங்கமான வடிவங்கள் சில நன்றாக வேலை செய்தன. அதுவும் கொஞ்ச நாள்தான், பிறகு பழகிப்போனது. தெரிந்தவர் எழுதிய கடிதம் போல் இருந்தால் மனிதர்கள் படிக்கிறார்கள். நோட்டீஸ் போல் இருந்தால் தள்ளிவிடுகிறார்கள். நம் வீட்டு வாசலில் விழும் நோட்டீஸை நாம் என்ன செய்கிறோம்?

சரி, சாத்தாங்காட்டுக்கு வருவோம். காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் பத்து போனில் எட்டு போன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னிக்கு ரேட்டு என்ன?" கம்பி விலை மாறிக்கொண்டே இருக்கும். அந்த விலையை வைத்துத்தான் ஒரு கான்ட்ராக்டர் தன் வேலைக்கே கணக்குப் போடுகிறார். என் முதல் மெயிலில் கட்டடப் படம் இருந்தது, பட்டன் இருந்தது, ரேட்டு இல்லை!

இப்போது நாங்கள் அனுப்பும் மெயிலின் வடிவம் இதுதான்:

1. தலைப்பிலேயே விஷயம். "12 எம்.எம். கம்பி இன்றைய விலை, 16 எம்.எம். லோடு வியாழன் வரும்". மெயிலைத் திறக்காமலே பாதி தெரிந்துவிட வேண்டும்.

2. உள்ளே வெறும் எழுத்து. அளவு, எந்த கம்பெனி, டன்னுக்கு விலை, 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, ஏற்றுக்கூலி, இந்த விலை எத்தனை மணி வரை. முழுக்கப் படமாக அனுப்பினால், அவுட்லுக் போன்றவற்றில் படம் தடுக்கப்பட்டு வெற்றுக் கட்டம்தான் தெரியும். மெயில் 102 கே.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி மறைத்துவிடும்.

3. ஒரே வேண்டுகோள்: "வேண்டுமென்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்". ஐந்து பட்டன் வைத்தால் ஒன்றையும் அழுத்தமாட்டார்கள்.

4. மாமாவின் பேச்சிலேயே ஒரு வரி. "இன்று 20 எம்.எம். இல்லை, மன்னிக்கவும்" என்று இல்லாததையும் சொல்லிவிடுகிறோம். எண்ணூர்க்காரருக்கு ரொம்பப் பிடித்த வரி இதுதான். லாரி வாடகை கொடுத்து வந்து ஏமாற வேண்டாமே!

5. "வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை பதில் போடுங்கள், நிறுத்திவிடுகிறோம்." சொன்னால் அன்றே நிறுத்துகிறோம்.

கடைசி விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்பும் விளம்பரதாரர் ஒரே சொடுக்கில் விலகும் வழி வைக்க வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே, அதாவது ஆயிரத்துக்கு மூன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நம்மைப் போன்ற சின்னக் கடைக்கு அந்த 5,000 கணக்கு பொருந்தாது. ஆனால் நாலு பேர் ஸ்பாம் என்று அழுத்தினால் அந்த முகவரியின் பெயர் கெடுவது எல்லோருக்கும் பொதுதான். எங்கள் கொட்டேஷனுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஒப்புதல்தான் அதன் அச்சாணி. பழைய பில்லில் இருக்கிற முகவரி பில் அனுப்பக் கொடுத்தது, விளம்பரம் அனுப்பக் கொடுத்ததல்ல.

"வாட்ஸப் இருக்கும்போது மெயில் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீடு கட்டுகிறவருக்கு வாட்ஸப்பே போதும், அவருக்கு மெயில் அனுப்பி உயிரை வாங்கக் கூடாது. ஆனால் தொழிற்சாலையின் பர்சேஸ் பிரிவில் இருப்பவருக்கு மூன்று கடை விலையை ஒப்பிட்டுக் கோப்பில் வைக்க எழுத்தில் ஒன்று வேண்டும். அவருக்கு மெயில்தான் வசதி. யாருக்கு எது என்று தெரிந்துகொள்வதும் மார்க்கெட்டிங்தானே?

பெரிய கம்பெனிகளோடு நாம் தொழில்நுட்பத்தில் போட்டி போட முடியாது. செயிலும் டாடா ஸ்டீலும் சேர்ந்து 2001லேயே இணையத்தில் இரும்புச் சந்தை தொடங்கிவிட்டன. சின்னக் கடைக்காரரிடம் இருப்பது "இவர் சொன்னா சரியா இருக்கும்" என்கிற பெயர் மட்டும்தான். அந்தப் பெயரைத்தான் என் ஆரஞ்சு பட்டன் கிட்டத்தட்ட கெடுத்துவிட்டது.

இரண்டாவது தடவை ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "மெயிலில் ரேட்டு அனுப்பட்டுமா?" என்று கேட்டுத்தான் ஆரம்பித்தோம். சரி என்றவர்கள் கொஞ்சம் பேர்தான். போன மாதம் எனக்குக் காய்ச்சல், ஒரு திங்கட்கிழமை மெயில் போகவில்லை. பத்தரை மணிக்கு எண்ணூரிலிருந்து போன்: "இன்னா அண்ணே, இன்னிக்கு மெயில காணோம்?"

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் காய்ச்சல் பாதி விட்டுப்போச்சு :-)