குழி விழுந்த தீட்டுக்கல்

உத்தியோகத்தை முன்னிட்டு ஊர்விட்டு ஊர் பெயரும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், பாட்டனார் கையாண்ட சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும் இன்னும் டிரங்குப் பெட்டியின் அடியில் உறங்குகின்றன. கல்லின் நடுவே குழி விழுந்திருப்பதைக் கண்டு, இனி உதவாது என்று கழித்துவிடுவோர் பலர். அன்பர்கள் அவசரப்பட வேண்டாம். அதனைச் சமமாக்கச் சிறு செலவும் சற்றுப் பொறுமையும் போதும்.

சவரக்கத்தியைக் கல்லில் இடுகையில், அதன் வாயும் முதுகும் ஒருங்கே படிய வேண்டும். முதுகின் பருமனே தீட்டும் கோணத்தை நிர்ணயிக்கின்றது. கல் குழிந்திருப்பின், நேரான கத்திவாய் குழியின் இரு கரைகளில் மட்டும் பட்டு, நடுவில் படாது நிற்கும். எத்தனை முறை இழுத்தாலும் அவ்விடம் மொக்கையாகவே இருக்கும்.

சிலர் கல்லைச் சிமெண்டுத் தரையில் தேய்ப்பதுண்டு. அது தகாது. தரை மேடுபள்ளம் உடையது; அதன் மணல் கல்லில் ஆழ்ந்த கீறல்களை உண்டாக்கும். கனத்த கண்ணாடிப் பலகை ஒன்றை ஈரத்துணியின்மீது அசையாமல் வைத்து, அதன்மேல் 220 எண்ணுள்ள வாட்டர் பேப்பரை நனைத்துப் படிய விடுக. இத்தாளில் ஒட்டியுள்ள கருந்துகள் பெரும்பாலும் காரபோரண்டம் என்பது. அமெரிக்கரான எட்வர்டு அக்கெசன் 1893-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தீட்டுக்கற்களில் உள்ள படிகக்கல் துகளைக் காட்டிலும் இது கடினமானது. ஆதலால் எந்த இயற்கைக் கல்லையும் அரைத்துவிடும்.

முதலில் உலர்ந்த கல்லின் முகம் முழுவதும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடிடுக. பின்னர் நீர் விட்டு, கல்லை எட்டு வடிவில் மெல்லத் தேய்க்க வேண்டும். கையின் அழுத்தம் ஒருபுறம் மிகுமாதலால், அவ்வப்போது கல்லை முன்பின்னாகத் திருப்புவது நலம். குழியில் உள்ள கோடுகளே கடைசியில் அழியும். எல்லாம் அழிந்தபின் மீண்டும் கோடிட்டுச் சோதித்துப் பார்க்கவும். அடுத்து 400, 600, 1000 எண்ணுள்ள தாள்களை வரிசையாகக் கையாளுக. ஒவ்வொரு முறையும் கல்லையும் கண்ணாடியையும் நன்கு கழுவுதல் இன்றியமையாதது. தங்கிவிட்ட ஒரு முரட்டுத் துகள் கத்திவாயையே பல்லாக்கிவிடும். முடிவில் கல்லின் விளிம்புகளைச் சற்றே மழுக்கிவிடுக.

பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் பகுதியில், வியேல்சாம் ஊரைச் சூழ்ந்த இடங்களில் கிடைக்கும் மஞ்சள் கல் சவரக்கத்திக்கெனப் பேர்பெற்றது. நுண்ணிய கார்னெட் மணிகளே அதன் கூர்தரும் ஆற்றல். அது மெல்லிய படலமாகவே கிடைப்பதால், பெரும்பாலும் வேறொரு கல்லில் ஒட்டித் தருகின்றனர். அத்தகைய கல்லைக் குழி மறையும் அளவுக்கு மேல் ஒருமுறைகூடத் தேய்க்கலாகாது. தேய்ந்தது திரும்ப வாராது.

ஒன்றை மறவாதீர்கள்: இவ்வேலையை எப்போதும் ஈரத்திலேயே செய்க. பல கற்களில் சிலிக்கா உண்டு. அதன் உலர்ந்த தூசியைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு நுரையீரல் கெடும். கல்லுடைக்கும் தொழிலாளரை வாட்டும் சிலிக்கோசிஸ் நோய் அதனால் வருவதே. குழந்தைகளை அருகில் விடாமல், கழுவிய சேற்றைக் காயுமுன்னே அப்புறப்படுத்துக.

கல் சமமானபின் கத்தியை அதில் தீட்டி, தோல்வாரில் இழுப்பது எவ்வாறு என்பதை அடுத்த இதழில் காண்போம்.