ரோசா இலையில் வட்டம் வெட்டுபவள்



புளியங்கூடலில் எங்கள் முற்றத்து ரோசாவின் இலைகளில், காசு வைத்து வெட்டியது போல ஓரங்கள் வட்டமாகப் போயிருந்தன. பக்கத்து வளவுப் பிள்ளை பார்த்துவிட்டு, "அக்கா, புழு விழுந்திட்டுது. கத்தரிக்கு அடிச்ச மருந்து மிச்சம் கிடக்கு, கொண்டு வரட்டோ?" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் வருமுன்னர் ஒரு கறுப்புத் தேனீ வந்தது. இலையோரத்தைப் பிடித்துத் தாடையால் வெட்டி, துண்டைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு பறந்தது. பின்னாலேயே போனேன். யன்னல் நிலையில் உள்ள துளைக்குள் புகுந்தது. 1991இல் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பியபோது இருந்த துளை அது. யார் துளைத்தார்களோ தெரியாது.

இதுதான் இலைவெட்டித் தேனீ. இலையை இது தின்பதில்லை. இதற்கு ராணியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தனியே வீடு கட்டுகிறாள். நீளத் துண்டுகளைச் சுருட்டிச் சிறிய கிண்ணம் போல அறை அமைத்து, மகரந்தமும் பூந்தேனும் குழைத்து வைத்து, ஒரு முட்டை இட்டு, வட்டத் துண்டுகளால் மூடுகிறாள். அதன் முன்னால் அடுத்த அறை. உள்ளே பெண் முட்டைகள், வாசற்பக்கம் ஆண் முட்டைகள். ஆண்கள் முதலில் வெளியேறும் என்பதால் இந்த ஒழுங்கு. மகரந்தத்தைக் காலில் அல்ல, வயிற்றின் அடிமயிரில் சுமக்கிறாள். வேறொரு தேனீ களவாக நுழைந்து இவளுடைய அறையில் தன் முட்டையை இட்டுவிடுவதும் உண்டு.

மருந்துக் கலனோடு வந்த பிள்ளைக்கு இதையெல்லாம் சொன்னேன். இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறவள் அவள். "எங்களைப் போலத்தான்" என்றாள். நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தாய் பெரும்பாலும் தன் பிள்ளைகள் வெளியே வருமுன்னரே இறந்துவிடுவாள்.

"கொட்டாதோ?"

"கையால் நசித்தால் கொட்டும். சும்மா விட்டால் ஒன்றும் செய்யாது."

மருந்து பட்ட இலையை வெட்டினால் நஞ்சு தாய்க்கும் சேரும், தொட்டிலுக்கும் போகும். நட்டம் எங்களுக்கும்தான். வேலியோரத் துவரையில்தான் என் கைச்செலவு நடக்கிறது. துவரைப் பூவின் கீழிதழ்கள் மூடியே இருக்கும். இவள் ஏறி அழுத்தும்போது திறந்து மகரந்தம் இவள் வயிற்றில் ஒட்டும், அடுத்த பூவுக்கும் போகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் குதிரைமசால் விதைக்காக இவளுடைய உறவினத்தைப் பெட்டிகளில் வளர்த்து வயலில் விடுகிறார்கள்.

நாலைந்து இலை குறைந்தால் ரோசா சாகாது. பென்சில் புகும் அளவு துளையுள்ள மூங்கில் துண்டுகளை ஒரு பக்கம் கணு இருக்க வெட்டி, மழை படாத இறப்பில் கட்டிவையுங்கள். நான் கட்டியதில் இரண்டின் வாய் இலையால் அடைபட்டிருக்கிறது.