இரண்டாவது நாற்காலி

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழக்கம் இந்த வயதிலும் விடவில்லை. காலைக் காபியோடு பிரெஞ்சுச் செய்தி கேட்பேன். அதில் ஆப்பிரிக்கச் சங்கதிகள் நிறைய வரும். ஐவரி கோஸ்ட் நாட்டுத் துணை ஜனாதிபதி பதவியின் கதை அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

அந்நாட்டை 33 ஆண்டுகள் ஆண்ட ஊஃபுவே புவாஞி 1993 டிசம்பரில் காலமானார். அடுத்து யார் என்பதில் நாடாளுமன்றத் தலைவர் பெதியேவுக்கும் பிரதமர் உவத்தாராவுக்கும் இழுபறி. சட்டப்படி பெதியே பதவி ஏற்றார்.

அதே உவத்தாரா பின்னாளில் ஜனாதிபதியானார். 2016-இல் வந்த புதிய அரசியல் சட்டம் துணை ஜனாதிபதி பதவியை உண்டாக்கியது. ஜனாதிபதியோடு சேர்த்து அவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் முதலில் வந்த டங்கன் 2017-இல் நியமனம் பெற்றவர். அடுத்த தேர்தல் வருமுன், 2020 மார்ச்சில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இனி ஜனாதிபதியே நியமிப்பார், நாடாளுமன்றம் சம்மதித்தால் போதும். அந்த ஜூலையில் டங்கன் விலகினார். 2022 ஏப்ரலில் கோனே வரும்வரை, 21 மாதம் நாற்காலி காலி.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். பெரிய அதிகாரி லீவில் போனால் 'இன்சார்ஜ்' யார் என்று ஆர்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பு நகராது. ஆர்டர் இருந்தும், அதிகாரியின் தயவில் வந்தவருக்குக் கையெழுத்துப் போடக் கை நடுங்கும். அதையும் பார்த்திருக்கிறேன்.

மலாவி நாட்டைப் பாருங்கள். அங்கே ஜாய்ஸ் பண்டா 2009-இல் ஜனாதிபதி முத்தாரிகாவோடு சேர்ந்து வாக்குப் பெற்று வந்தவர். பிறகு இருவருக்கும் பகை. கட்சியை விட்டு நீக்க முடிந்தது. பதவியை விட்டு நீக்க முடியவில்லை. 2012 ஏப்ரல் 5-இல் முத்தாரிகா இறந்தார். அந்த அம்மாளைத் தடுக்கச் சிலர் பார்த்தார்கள். ஆனால் சட்டம் தெளிவாக இருந்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். ராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை, ரத்தம் சிந்தவில்லை.

ஒரே உறையில் இரண்டு கத்தியா என்று கேட்பீர்கள். உரசல் வரும்தான். ஆனால் இரண்டாவது நாற்காலி போடுவதே முதல் நாற்காலி காலியாகும் நாளுக்காக. அன்றைக்கு அதில் இருப்பவர் மக்களின் ஆளாக இருக்க வேண்டும், போனவரின் ஆளாக அல்ல.

என் அபிப்பிராயம் இது. உங்களுடையதை எழுதுங்கள்.