காடு திருத்தியவன் கள்வனா?

வன்னியிலே காடு திருத்திக் கழனி கண்டவனைப் பார்த்து, 'நீ காட்டைக் கவர்ந்தவன்' என்று சொல்லும் காலம் வந்திருக்கிறது. விசுவமடுவின் கதையை அறிந்த எவரும் இச்சொல்லைக் கேட்டு வாளாவிருக்க முடியாது.

பரந்தன்–முல்லைத்தீவுச் சாலையோரம் பாலையும் முதிரையும் செறிந்து நின்ற நிலம் அது. 1960களின் பிற்பகுதியில், படித்த வாலிபர் குடியேற்றத் திட்டம் என்ற பெயரால், உத்தியோகம் கிடையாத இளைஞரை அங்கே அனுப்பியது அரசாங்கமேயன்றி வேறெவருமல்லர். பேனா பிடித்த கை கோடரி பிடித்தது. மரம் வீழ்த்தி, வேர் கிளறி, எரித்து, கிணறு வெட்டி, யானைக்கும் காய்ச்சலுக்கும் ஈடுகொடுத்துக் குடிசை போட்டார்கள். 1970இல் பதவியேற்ற அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அவர்களுடைய செத்தல் மிளகாயும் வெங்காயமும் பொன்னாயின. 1977இல் இறக்குமதிக்குக் கதவு திறந்தது, விலை வீழ்ந்தது. அப்போதும் பலர் காணியைக் கைவிடவில்லை. 2009 சனவரியில் போர்தான் அவர்களைப் பெயர்த்தெறிந்தது.

மீண்டு வந்தவர்கள் கண்டது ஆளுயரப் பற்றை. ஆண்டுக்கணக்கில் ஆளில்லாத நிலத்தில் காடு முளைக்காமல் வேறென்ன முளைக்கும்? அந்த மறுகாட்டைக் காட்டித்தான் வன்னியின் பல பகுதிகளில் இன்று 'இது வனம்' என எல்லைக்கல் நாட்டப்படுகிறது. பற்றைக்குள்ளே கிணற்றுக்கட்டும் மாமரமும் நிற்கின்றன. காடு கிணறு வெட்டுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கிய அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வதானால், உரியவருக்கு அறிவித்தல் கொடுத்து, காரணம் கேட்டு, விசாரிக்க வேண்டும். எறிகணைக்கு அஞ்சி ஓடியவனுக்கு அந்த அறிவித்தலை எந்தப் பதுங்குகுழிக்கு அனுப்பினார்கள்?

காடு வேண்டாம் என்பது நமது வாதமன்று. காடு அழிந்தால் குளம் வற்றும். உழவனுக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. மரம் கொண்டுசெல்ல அனுமதி வேண்டும் என்று 1907ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. இருந்தும் முதிரைக் குற்றி ஏற்றிய லொறிகள் இரவிலே ஓடுகின்றன. அவற்றில் கூலிக்குக் கோடரி பிடிப்போருள் நம்மவரும் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் குற்றிக்குச் சொந்தக்காரன் மறைந்திருக்க, தன் வளவில் பற்றை வெட்டியவன் நீதிமன்றப் படியேறுவது எந்த நியாயம்?

காணியாளருக்கு ஒன்று சொல்வோம். அனுமதிப்பத்திரம் போரில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் உள்ள பதிவின் பிரதியை எழுத்திலே கேளுங்கள். பின்னுரித்தாளரின் பெயரைப் பதியுங்கள். ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்ற பழைய ஏற்பாடு 2022ஆம் ஆண்டின் திருத்தத்தோடு ஒழிந்தது, ஆகவே மகளின் பெயரையும் தயங்காமல் எழுதலாம். கிணற்றையும் பழமரங்களையும் படம்பிடித்து வையுங்கள். எல்லைக்கல்லோடு அதிகாரிகள் வந்தால் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பாராமல் எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள்.