புகை வந்த பிறகு வரும் பணம்

காட்டுத்தீ என்றதும் தமிழ்நாட்டில் முதலில் ஞாபகம் வருவது குரங்கணி. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். மலையேறப் போனவர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சுற்றி வளைத்தது. 23 உயிர்கள் போயின. விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது, அதே வருடம் மலையேற்றத்துக்குப் புதிய விதிகளும் வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த விதிகள் மனிதர்கள் காட்டுக்குள் எப்படிப் போகவேண்டும் என்று மட்டுமே சொல்கின்றன. காடு எரியாமலிருக்க யார், எப்போது, எவ்வளவு செலவு செய்வது? அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு பற்றிக்கொண்டது. நாள்கணக்கில் எரிந்த பிறகு விமானப்படை ஹெலிகாப்டர் வந்து ராட்சத வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. எல்லா டிவியிலும் காட்டினார்கள். பார்க்கப் பிரமாதமாக இருந்தது! எரியாத காட்டை எந்த டிவியும் காட்டாது. தீத்தடுப்புக்குப் பணம் ஒதுக்க எந்த அரசுக்கும் அவசரம் இல்லாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

தடுப்பு வேலை என்பது ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. காட்டின் குறுக்கே சில மீட்டர் அகலத்துக்குப் புல், புதர், சருகு எல்லாவற்றையும் நீக்கி வெறும் மண்ணாக விடவேண்டும். ஓடிவரும் தரைத்தீ பற்ற எதுவும் இல்லாமல் அங்கே தடுமாறும். இதுதான் தீத்தடுப்புக் கோடு. அடுத்து, காட்டை நிரப்பியிருக்கும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கவேண்டும். வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. இன்று முதுமலை, சத்தியமங்கலம் என்று எங்கும் புதராக மண்டி, கோடையில் விறகாகக் காய்கிறது. மூன்றாவது, காட்டைத் தெரிந்த ஆட்கள் காவலுக்கு இருக்கவேண்டும்.

இத்தனையும் முடியவேண்டிய காலம் எது? மழை ஓய்ந்து, பனியில் புல் காய்வதற்குள். அதாவது ஜனவரிக்குள். தமிழ்நாட்டில் தீ மூளும் காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை.

இப்போது அரசின் காலண்டரைப் பாருங்கள். நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. மத்திய அரசின் காட்டுத்தீ தடுப்புத் திட்டத்தில் மத்திய பங்கு 60, மாநிலப் பங்கு 40. ஆண்டுத் திட்டம் போகவேண்டும், ஒப்புதல் வரவேண்டும், தவணை வரவேண்டும், பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கவேண்டும், அப்புறம் அடுத்த தவணை. இந்த ஃபைல் எங்காவது இரண்டு மாதம் தூங்கினால் போதும், பணம் வரும்போது புகையும் வந்துவிடும். ஃபைலுக்குக் கோடை தெரியாது.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டுபிடித்து எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. அருமை. ஆனால் எஸ்.எம்.எஸ். தீயை அணைக்காது. அதைப் பார்த்துவிட்டு மலையேறி ஓட ஆள் வேண்டும். அந்த ஆள் பல இடங்களில் கோடைக்கு மட்டும் கூலிக்கு எடுக்கப்படும் தற்காலிகக் காவலர்.

"அரசிடம் பணம் இல்லை" என்று சொல்பவர்கள் காம்பா நிதியைப் பார்க்கட்டும். சுரங்கத்துக்கும் சாலைக்கும் காட்டை எடுப்பவர்கள் ஈடாகக் கட்டும் பணம் அது. 2019 ஆகஸ்டில் மட்டும் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் 27 மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பணம் இருக்கிறது, போகிற இடம்தான் வேறு. உத்தராகண்டில் 2019-22 காலத்தில் இந்த நிதியிலிருந்து 13.86 கோடி ரூபாய் சம்பந்தமில்லாத செலவுகளுக்குப் போனதை மத்திய தணிக்கைத் துறையே சொன்னது. பட்டியலில் ஐபோனும் ஃப்ரிட்ஜும்கூட உண்டு! அதே மாநிலம் 2024-ல் தீயணைக்க 10 கோடி கேட்டு 3.15 கோடிதான் கிடைத்தது என்று மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அடுத்த மாதம், ஜூன் 13 அன்று, அங்கே பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன ஊழியர்கள் நான்கு பேர் சம்பவ இடத்திலேயே இறந்தார்கள்.

இது ஏழை நாட்டு வியாதியும் இல்லை. அமெரிக்க வனத்துறை 1995-ல் தன் பட்ஜெட்டில் 16 விழுக்காட்டைத் தீக்குச் செலவழித்தது. 2015-ல் அது பாதியைத் தாண்டியது. காட்டைப் பராமரிக்க வைத்திருந்த பணத்தை எடுத்துத் தீயை அணைத்தார்கள். பராமரிக்காத காடு அடுத்த வருடம் இன்னும் மோசமாக எரிந்தது. கடைசியில் 2018-ல் சட்டம் போட்டு, பெருந்தீக்கென்று தனி நிதி ஏற்படுத்தவேண்டி வந்தது.

"கொடுக்கிற பணத்தையும் சாப்பிட்டுவிடுவார்கள்" என்பது அடுத்த வாதம். நியாயமான பயம்தான். ஆனால் தீத்தடுப்புக் கோடு ஒளித்துவைக்கக் கூடிய பொருள் இல்லை. எந்த மலையில் எத்தனை கிலோமீட்டர் வெட்டினார்கள் என்று கிராம சபையில் படித்துக் காட்டட்டும். மறுநாள் காலையில் மாடு மேய்க்கப் போகிறவரே சரிபார்த்துவிடுவார்.

"காட்டுத்தீ இயற்கைதானே" என்றும் சிலர் சொல்கிறார்கள். இந்தியாவில் பெரும்பாலான காட்டுத்தீ மனிதர்களால் மூள்வது. எல்லா நெருப்பும் கெடுதல் என்பதும் தவறு. கர்நாடகத்தின் பிலிகிரி மலையில் சோலிகர்கள் கோடையின் தொடக்கத்திலேயே சருகை மட்டும் எரிய விடுவார்கள். அது தடை செய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி மண்டியது என்பது அவர்கள் வாதம். காட்டில் பிறந்தவர்களின் அறிவுக்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும். கோடைக்கு மூன்று மாதம் கூலி கொடுத்துவிட்டு மீதி ஒன்பது மாதம் மறந்துவிடுவது அறிவை மதிப்பதாகாது.

கேட்கவேண்டியது மூன்றே விஷயம். தடுப்புக்கான பணம் அக்டோபருக்குள் வனச்சரகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அணைக்கும் செலவுக்காக அதில் கைவைக்கக் கூடாது. தீக்காவலர்களுக்கு வருடம் முழுவதும் சம்பளமும் காப்பீடும் வேண்டும். ஒவ்வொரு வருடமும் சட்டமன்றத்தில் வனத்துறையின் மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பும் வெளியாகிறது. அதில் தீத்தடுப்புக்கு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். பிறகு உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், அந்தப் பணம் எந்த மாதம் மலைக்குப் போனது என்று.