ஆக்கிரமிப்பு என்று ஒரு சொல்

நம் நடுத்தர வர்க்கத்து மகாஜனங்களுக்குச் சில சொற்களின்மேல் அளவற்ற பிரியம் உண்டு. 'ஒழுங்கு' அவற்றில் ஒன்று, 'சுகாதாரம்' மற்றொன்று. இவை இரண்டுக்கும் நடுவே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட இன்னொரு சொல் 'ஆக்கிரமிப்பு'.

திருச்சி மலைக்கோட்டையின் அடியில், என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு பெண்பிள்ளை நாலு முழச் சாக்கை விரித்து, அதில் ஊக்கும் ரிப்பனும் வளையலும் பரப்பினால் அது ஆக்கிரமிப்பு. அதே ரோட்டில் ஒரு கனவான் தம் காரை நிறுத்திவிட்டு, ஜவுளிக் கடைக்குள் புகுந்து, இரண்டு மணி நேரம் பட்டுப் புடவை பொறுக்கினால் அதற்குப் பெயர் 'பார்க்கிங்'. அந்தக் கார் அடைத்துக்கொள்ளும் இடத்தில் நாலு குடும்பங்கள் பிழைக்கும். ஆனாலும் சாக்கு ஆக்கிரமிப்பு, கார் அந்தஸ்து!

பத்திரிகைகளில் 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதியைப் பாருங்கள். நடைபாதையெல்லாம் கடைகள், நடக்க வழியில்லை, அதிகாரிகள் விழித்துக்கொள்வார்களா என்று வாரம் தவறாமல் யாராவது ஒரு பென்ஷன்தாரர் எழுதுகிறார். எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பி வரும் வழியில் அதே நடைபாதையில்தான் அவர் கீரைக்கட்டு வாங்குகிறார். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்த்து மூச்சுவிடாமல் பணம் கொடுக்கிற மனிதர், கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடுகிறார். அவளை அகற்ற வேண்டும். ஆனால் அவளுடைய கீரை வேண்டும். இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

சட்டம் இடம் தரவில்லையே என்பார்கள். எந்தச் சட்டம்? தெருவில் வியாபாரம் செய்வது குடிமகனின் அடிப்படை உரிமைகளில் அடங்கும் என்று 1989-ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு ஸோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த உரிமைக்கு வரம்பு விதிக்கலாம். உரிமையே இல்லை என்று சொல்ல முடியாது. இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று 2010-இல் அதே கோர்ட்டு சர்க்காருக்குக் கெடு வைத்தது. கெடு தாண்டித்தான் என்றாலும் 2014-இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கவும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தவும் ஏற்பட்ட சட்டம் அது. பெயரிலேயே 'பாதுகாப்பு' முன்னே வருகிறது. 'ஒழுங்கு' பின்னே வருகிறது. நம்மவர்கள் பின்னதை மட்டும் படித்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் ஊரிலுள்ள தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கி முடியும் வரையில் ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன்பிறகும் ஒருவரை இடம் மாற்றுவதானால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் போட்டுக் கையில் தர வேண்டும். உரியவர் கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகக்கூடிய சரக்கை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ஜனத்தொகையில் 2.5 விழுக்காடு வரையில் வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கத் திட்டமிட வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருச்சி மாநகரின் ஜனத்தொகை சுமார் எட்டரை லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 21,000 பேர்!

இன்னொரு விஷயம், சட்டத்தின் கடைசியில் இரண்டாம் அட்டவணைக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. வாங்குவோரும் விற்போரும் தாமாகவே வழக்கமாகக் கூடும் சந்தையில் தெரு வியாபாரிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்து வந்திருந்தால், அதைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளவர்களை இடம் பெயர்க்கக் கூடாது. இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். தெப்பக்குளக் கரைக்கும் சின்னக்கடை வீதிக்கும் ஐம்பது வயது ஆகவில்லை என்று யாராவது சொல்வார்களா? ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் விற்பது நேற்று முளைத்த வழக்கமா? ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 1987-இல்தான் பூர்த்தியாயிற்று. அது மொட்டைக் கோபுரமாக நின்ற நாளிலேயே அதன் நிழலில் துளசியும் பூவும் விற்றவர்கள் இருந்தார்கள். கோபுரத்தைப் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறோம். அதைவிட மூத்த கூடையை ஆக்கிரமிப்பு என்கிறோம்!

சட்டம் இவ்வளவு சொல்லியிருக்கும்போது தெருவில் ஏன் வேறு விதமாக நடக்கிறது? ஸ்ரீரங்கத்தில் ஒரு பூக்காரியைக் கேட்டேன்.

"ஏம்மா, எழுப்பறதுக்கு முன்னாலே நோட்டீஸ் கொடுப்பாங்களா?"

"நோட்டீசா? காலையிலே லாரி வந்து நின்னா அதுதான் சாமி நோட்டீசு."

"பூவை எடுத்துக்கிட்டுப் போனா பட்டியல் எழுதித் தருவாங்களா?"

அவள் சிரித்தாள். "தராசு திரும்பி வந்தாலே போதும் சாமி. பூ வந்து என்ன செய்ய? அதுக்குள்ளே வாடிப்போயிடுமே!"

சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் அவள் சொன்னது. பூ வாடும் என்பதனால்தான் 'அன்றைக்கே' என்று எழுதினார்கள். ஆனால் காகிதத்தில் உள்ள சொல் தானாக எழுந்து நடந்து தெருவுக்கு வராது. அதை அழைத்துக்கொண்டு வர ஆள் வேண்டும். தனி ஆளால் ஆகாது. தண்டல்காரனுக்கு அன்றாடம் பதில் சொல்ல வேண்டியவள், கோர்ட்டு வாசலில் ஒரு நாள் நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. அழைத்து வரக் கூடியது சங்கம் ஒன்றுதான்.

'சங்கம்' என்றதும் சில புருவங்கள் உயர்வதை நான் அறிவேன். அந்தப் புருவங்களுக்கு உரியவர்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் வாங்கும் பஞ்சப்படி யார் கொடுத்தது? பாங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் ஆபீசிலும் உங்களுக்குக் கிடைக்கும் லீவும் கிராஜுவிட்டியும் முதலாளிமார் மனமிரங்கிப் போட்ட பிச்சையா? கூடி நின்று கேட்டு வாங்கியவை. இதே திருச்சியில், பொன்மலை ரயில்வே தொழிலாளர்கள் 1946-இல் வேலைநிறுத்தம் செய்தபோது, செப்டம்பர் 5-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் போட்ட பாதையில்தான் நம் சம்பளச் சீட்டு நடந்து வந்திருக்கிறது. ஏணியில் ஏறியவன் மாடியிலிருந்துகொண்டு ஏணியைப் பழிக்கலாமா?

தெரு வியாபாரிக்கு முதலாளியே கிடையாதே, சங்கம் யாரை எதிர்த்து என்று கேட்பவர்கள் உண்டு. இது புதுக் கேள்வியல்ல. 1972-இல் ஆமதாபாத்தில் இளா பட் என்ற அம்மையார், கூடை சுமக்கும் பெண்களையும் வீட்டில் தைக்கும் பெண்களையும் சேர்த்து 'சேவா' என்ற சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, சங்கப் பதிவு அதிகாரிகள் கேட்ட கேள்விதான். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் அல்ல, தொழிலாளர்கள் ஒன்றுபடுவதற்காக என்று வாதாடி அந்த அம்மையார் பதிவு பெற்றார். பிறகு அந்தச் சங்கம் மாணிக் சௌக் காய்கறிக்காரிகளின் வழக்கைச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் கொண்டுபோயிற்று. பொன்மலைத் தொழிலாளிக்கு ஒரு கேட்டு இருந்தது. கேட்டுக்கு வெளியே கூட்டம் போடலாம். கூடைக்காரிக்குக் கேட்டு இல்லை. ஆகவே அவளுக்குச் சங்கம் அதிகம் தேவை, குறைவாக அல்ல.

2014-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் கடை போடலாம், எங்கே கூடாது, எத்தனை மணிக்கு என்பதில் எல்லாம் இந்தக் குழுவின் பேச்சு அடிபட வேண்டும். ஆனால் பம்பாய் போன்ற மாநகரத்திலேயே இந்தத் தேர்தல் 2024-இல்தான் நடந்தது. பத்து ஆண்டுகள்! பார்லிமெண்டுத் தேர்தலைப் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால் சும்மா இருப்போமா?

மற்றொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் மத்திய சர்க்கார், தெரு வியாபாரிகளுக்கு முதல் கடனாக 10,000 ரூபாய் வரை கொடுக்கும் திட்டம் போட்டது. நல்ல காரியம். ஆனால் ஒரு கை கடன் கொடுத்துச் சரக்கு வாங்கச் சொல்ல, இன்னொரு கை அந்தச் சரக்கை லாரியில் ஏற்றினால், கடனை எந்தக் கையிடம் திருப்பிக் கட்டுவது?

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. நடப்பவனுக்கு வழி வேண்டாமா? வேண்டும். ஆம்புலன்ஸ் போக வேண்டாமா? கட்டாயம் போக வேண்டும். எல்லை கட்டுங்கள், கோடு போடுங்கள், நேரம் வையுங்கள். ஆனால் கோடு போடும்போது அவளும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. சங்கத்தில் கட்சிக்காரர்கள் புகுந்து வசூல் செய்வார்களே என்பீர்கள். சங்கம் இல்லாத இன்று அவள் மாமூல் கொடுக்காமலா இருக்கிறாள்? ரசீது இல்லாமல் கொடுக்கிறாள். சங்கத் தலைவன் தப்புச் செய்தால் அடுத்த தேர்தலில் இறக்கலாம். மாமூல் வாங்குகிறவனை எந்தத் தேர்தலில் இறக்குவது?

ஊருக்கு வெளியே நல்ல கட்டடம் கட்டிக் கொடுத்துவிடலாமே என்பது மூன்றாவது வாதம். திருச்சிக்கு இந்த அனுபவம் உண்டு. காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரிகளுக்கென்று கள்ளிக்குடியில் கோடிக்கணக்கில் செலவழித்து மார்க்கெட் கட்டி 2017-இல் திறந்தார்கள். வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். லாரி லாரியாகச் சரக்குப் பிடிக்கும் முதலாளிகளுக்கே வாங்குகிறவன் வராத இடத்தில் பிழைப்பில்லை என்றால், ஒற்றைக் கூடையோடு உட்காருகிறவள் அங்கே யாருக்கு விற்பாள்?

நம் கதைகளில் பூக்காரி அடிக்கடி வருகிறாள். ஏழை; ஆனால் தங்கமான மனசு. காசு வாங்காமல் குழந்தைக்கு ஒரு முழம் பூக் கொடுப்பாள். கடைசி அத்தியாயத்தில் இருமிச் சாவாள். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இந்தக் கண்ணீரால் அவளுக்கு ஒரு சல்லிக் காசு பிரயோஜனமில்லை. அவள் கேட்பது இரக்கமல்ல. முப்பது நாள் நோட்டீஸ், ஒரு பட்டியல், ஒரு ஓட்டு. இம்மூன்றும் ஏற்கெனவே சட்டப்படி அவளுடையவை.

ஆகையால் கடிதம் எழுதும் பென்ஷன்தாரருக்கு என் விண்ணப்பம் இது. எழுதுவதை நிறுத்த வேண்டாம். அடுத்த கடிதத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதுங்கள்: எங்கள் ஊர் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் யார் யார்? குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது? பதில் வரும் வரையில் வாரா வாரம் எழுதுங்கள். அதுவரையில் கீரைக்காரி சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குங்கள்.