தாயையும் சேயையும் காக்கும் கை

பெண்ணுக்குப் பேறுகாலம் மறுபிறப்பு என்பது நம் நாட்டுப் பழமொழி. கேட்க இனிய மொழிதான்; ஆயினும் அதனுள் ஓர் அச்சம் ஒளிந்துகிடக்கிறது. பிள்ளை பெறப் புகுந்தவள் பிழைத்தெழுவது உறுதியில்லை என்று மக்கள் நடுங்கிய காலத்தின் எச்சமே அம்மொழி. இன்றைக்கும் அந்த அச்சத்துக்கு இடமுண்டா? இருத்தல் ஆகாது. ஆனால் இருக்கிறது. ஏன் இருக்கிறது, அதைப் போக்க யாருடைய கை வேண்டும் என்பவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறேன். நான் மருத்துவ மாணவன் அல்லேன், பொருளியல் பயில்பவன். எனினும் இது மருத்துவர் மட்டும் பேசி முடிக்கும் செய்தி அன்று. தாய் வயிற்றில் பிறந்தோர் எல்லோரும் பேச வேண்டிய செய்தி.

நாம் வந்து தங்கிக் கல்வி பயிலும் இந்தப் புனே நகருக்கு இப்பொருளில் தனி உரிமை உண்டு. ஆனந்திபாய் ஜோஷி என்னும் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். பதினான்கு வயதில் அவர் ஈன்ற ஆண்மகவு பத்தே நாளில் இறந்தது. அந்தத் துயரம் அவரை மூலையில் முடக்கவில்லை. மருத்துவம் கற்கத் தூண்டியது. 1883இல் கப்பலேறி அமெரிக்கா சென்றார். 1886இல் பிலடெல்பியா நகரின் மகளிர் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வுரையின் பொருளும் மகப்பேறே. ஆனால் நாடு திரும்பிய அவரைக் காசநோய் விட்டுவைக்கவில்லை. 1887 பிப்ரவரி 26ஆம் நாள், இருபத்திரண்டு வயது நிறையுமுன்னரே, இந்நகரில் கண்மூடினார். கற்ற கல்வியை ஒரு தாய்க்கேனும் பயன்படுத்தக் காலம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை.

1909இல் இரமாபாய் ரானடே முதலியோர் இங்கே சேவா சதனைத் தொடங்கினர். கைம்பெண்கள் உள்ளிட்ட மகளிர்க்குக் கல்வியும், செவிலியர் பணிக்கும் மருத்துவச்சிப் பணிக்கும் உரிய பயிற்சியும் அந்நிறுவனம் அளித்தது. ஆனந்திபாய் காட்டியது ஒரு மருத்துவரின் வழி. சேவா சதன் காட்டியது பல செவிலியரின் வழி. இரண்டும் வேண்டும். ஆயினும் ஏழைநாட்டில் தாய்மாரைக் காப்பதற்கு விரைவில் எட்டும் வழி எது என்று கேட்டால், இரண்டாவதே என்பேன்.

இராஸ்தா பேட்டையில் கே.இ.எம். மருத்துவமனை நிற்கும் தெருவின் பெயர் சர்தார் முதலியார் சாலை. தமிழர் ஒவ்வொருவரும் அதைக் கண்டு ஒருகணம் நின்று மகிழ்வது இயல்பு. நான் சொல்ல வந்தது அந்தப் பெருமையை அன்று. அம்மருத்துவமனைக்கு 1944இல் பணியேற்று வந்த டாக்டர் பானு கோயாஜி, நகரத்தில் கட்டிடத்தை உயர்த்தியதோடு நிற்கவில்லை. ஊர்ப்புறத்துப் பெண்கள் நோய் முற்றிய பிறகே நகரத்துக்கு வருகிறார்கள் என்பதை உணர்ந்தார். 1970களில் வடு என்னும் சிற்றூரை நடுவிடமாகக் கொண்டு, சுற்றுப்புறத்து ஊர்மக்களையே நலப்பணியாளராகப் பழக்கினார். நகரத்து மருத்துவமனை நாட்டுப்புறத்தை நோக்கி நடந்தது. 1993இல் மக்சேசே பரிசு அவரைத் தேடி வந்தது.

1970ஆம் ஆண்டு ஜாம்கேட் வட்டத்தில் ரஜினிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் இன்னும் துணிந்த ஒன்றைச் செய்யத் தொடங்கினர். ஊரார் தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்களை நலப்பணியாளர் ஆக்கினர். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். தாழ்த்தப்பட்டவர் என்று ஊர் ஒதுக்கிவைத்த குலத்தினர் பலர். அவர்களுக்கு ஒருமுறை பாடம் சொல்லி அனுப்பிவிடவில்லை. மீண்டும் மீண்டும் வரவழைத்தனர்; ஊரில் கண்டதைச் சொல்லச் செய்தனர்; அதிலிருந்தே அடுத்த பாடத்தை வளர்த்தனர். எழுத்தறியாத பெண் மருத்துவம் அறிவாளா என்று நகைத்தவர்களுக்கு, அந்த ஊர்களில் பிழைத்து வளர்ந்த குழந்தைகளே விடை.

இவற்றுக்கெல்லாம் எண்களால் சான்று தந்த இடம் கட்சிரோலி. மகாராட்டிரத்தின் கிழக்கெல்லையில் காடடர்ந்த மாவட்டம் அது. 1986இல் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே 'சர்ச்' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 39 சிற்றூர்களில் ஊருக்கு ஒரு பெண்ணைப் பழக்கினர். பிறந்த குழந்தையைத் துடைத்துக் கதகதப்பாய் வைத்தல், எடை பார்த்தல், மூச்சை எண்ணுதல், மூச்சு விடாத சிசுவுக்கு மூச்சூட்டுதல், நச்சுத்தொற்று கண்டால் மருந்தும் ஊசியும் அளித்தல் ஆகிய அனைத்தையும் அப்பெண்களே கற்றனர். 1997-98இல், இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்து ஊர்களில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 60 குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தன; பயிற்சி பெற்ற பெண்கள் இருந்த ஊர்களில் அந்த எண்ணிக்கை 26க்கு இறங்கியது. 1999இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது. உலகம் வியந்தது; பல நாடுகள் பின்பற்றின. 2011இல் நம் நடுவண் அரசும் இம்முறையைத் தழுவி, 'ஆஷா' என்னும் ஊர்நலப் பணியாளர் வீடு தேடிச் சென்று பச்சிளங் குழந்தையைப் பார்க்கும் திட்டத்தை ஏற்படுத்தியது.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடுவார்: "இக்காலத்தில் பேறு எல்லாம் மருத்துவமனையில்தானே? ஊர்ப்பெண்ணுக்குப் பயிற்சி எதற்கு?" நல்ல கேள்வி. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 88.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு. மகிழத்தக்க மாற்றம். ஆயினும் 2020ஆம் ஆண்டின் அரசுக் கணக்கில், ஆயிரம் குழந்தைகளுள் 20 குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தன. பேறு முடிந்த இரண்டு மூன்று நாளில் தாய் வீடு திரும்புகிறாள். எஞ்சிய நாள்களில் குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் சில்லிட்டால், மூச்சு இரைத்தால் முதலில் காண்பவர் யார்? மருத்துவரா? அடுத்த தெருவில் வாழும் பணியாளரே அன்றோ!

மருத்துவ நிலையத்துக்குள்ளேயும் கட்டிடம் தாயைக் காப்பதில்லை, கைதான் காக்கிறது. குழந்தை பிறந்ததும் அழவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்குள் அதற்கு மூச்சூட்ட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்ட முடியுமா? பேற்றுக்குப்பின் உதிரப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். தாயின் அடியில் அளவுகோடிட்ட விரிப்பை இட்டு உதிரத்தை அளந்து, எல்லை கடந்த உடனே கருப்பையைப் பிடித்துவிடுதல், மருந்து, நீரேற்றம் அனைத்தையும் ஒருங்கே தொடங்கும் முறையை ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் சோதித்தனர். உயிருக்கு உலைவைக்கும் உதிரப்போக்கு 60 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் அறிவித்தனர். விரிப்பு எளிய பொருள். அதைக் கண்டவுடன் செயற்படப் பழகிய கைதான் அரிய பொருள்.

அப்படியானால் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. இதையும் நாம் ஒளிக்காமல் பேச வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களைக் கொண்டு பேராய்வு ஒன்று நடந்தது. 2017இல் அதன் முடிவு வெளியாயிற்று. பாதி நிலையங்களில் பேறு பார்ப்போர்க்கு ஒரு நினைவுப்பட்டியலைக் கொடுத்து, உடனிருந்து வழிகாட்டினர். இரண்டு மாதத்தில் அங்கே செய்ய வேண்டிய செயல்களில் 73 விழுக்காடு செய்யப்பட்டன; வழிகாட்டுதல் இல்லாத நிலையங்களில் 42 விழுக்காடே. வழிகாட்டுவோர் விலகிய சில மாதங்களில் அந்த 73 என்பது 62ஆகச் சரிந்தது. இறப்பின் அளவோ இருவகை நிலையங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது!

இதைக் கண்டு பயிற்சி வீண் என்பார் சிலர். நான் அவ்வாறு கொள்ளேன். கட்சிரோலியில் வென்றதும் பயிற்சிதான். உத்தரப் பிரதேசத்தில் தடுமாறியதும் பயிற்சிதான். வேறுபாடு எங்கே? கட்சிரோலியில் பணியாளரிடம் அறிவோடு மருந்தும் இருந்தது, கருவியும் இருந்தது, தொடர்ந்து வந்து பார்க்கும் மேற்பார்வையும் இருந்தது. இவற்றைக் கொடாமல் பாடத்தை மட்டும் கொடுப்பது, நீரில்லாக் கிணற்றுக்கு இராட்டினம் பூட்டுவது போன்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது; இரண்டு நாள் வகுப்பும் ஒரு சான்றிதழும் உயிரைக் காவா. பொம்மையின்மேல் கைபழகுதல், மாதந்தோறும் மீண்டும் பழகுதல், மூத்த செவிலி உடனிருந்து திருத்துதல், மருந்தும் உதிரமும் ஊர்தியும் அழைத்தவுடன் கிடைத்தல் ஆகிய இவை கூடியதுதான் பயிற்சி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதற்குப் பயிற்சி என்று பெயரிடுதல் பொருந்தாது.

மொழியையும் மறக்கலாகாது. தாய்க்குப் புரியாத மொழியில் சொன்ன அறிவுரை சொல்லாததற்குச் சமம். பணியாளர்க்குப் புரியாத மொழியில் நடத்திய வகுப்பும் அத்தகையதே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் பயிற்றினார். மகப்பேற்று மருத்துவ நூலும் அவர் முயற்சியால் தமிழில் வந்தது. தமிழால் முடியுமா என்று இன்னும் கேட்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். அதே நீதியை நாம் மராத்திக்கும் கோண்டிக்கும் வழங்க வேண்டும். இப்புனேயில் மாடிமேல் மாடி எழுப்பும் கட்டிடத் தொழிலாளர் பல மாநிலத்தவர். கருவுற்ற பெண்கள் அவர்களுள் உண்டு. தன் மொழியில் பேச ஒருவரும் இல்லாத ஊரில், தன் வலியை அவர்கள் யாரிடம் சொல்வர்?

தமிழ்நாட்டைப் பற்றி நாம் பெருமை பேசுவது வழக்கம். கிராமச் சுகாதாரச் செவிலியரும், இருபத்துநான்கு மணிநேரமும் பேறு பார்க்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களும் பெருமைக்குரியனவே. ஆயினும் 2018-20 கணக்கில், ஒரு லட்சம் பிறப்புக்கு இறந்த தாய்மார் தமிழ்நாட்டில் 54, மகாராட்டிரத்தில் 33, கேரளத்தில் 19. இந்தியா முழுமைக்கும் 97. நம்மைவிட முன்னேறிய அண்டை வீட்டாரிடம் கற்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. கற்க மறுப்பதே இழுக்கு.

இறுதியாக, பொருளியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கு. பிறந்த குழந்தையை ஆறு முறை வீடு சென்று பார்த்து, நாற்பத்திரண்டு நாள் காத்து முடித்தால், ஆஷா பணியாளருக்கு ரூ. 250 என்று 2011இல் திட்டம் விதித்தது. ஒரு வருகைக்கு ஏறத்தாழ 42 ரூபாய்! அவர் ஊழியர் அல்லர், தொண்டர் என்பது அரசின் சொல். 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவின் ஆஷா பணியாளர் அனைவரையும் பாராட்டிப் பரிசளித்தது. 2023-24இல் மகாராட்டிரத்தின் ஆஷா பணியாளர்கள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு கையில் பாராட்டு, மறு கையில் பட்டினியா? கொத்தனாருக்குக் கூலி உண்டு. கணக்கெழுதுபவருக்குச் சம்பளம் உண்டு. உயிரைக் காக்கக் கற்றவளுக்கு மட்டும் தொண்டு என்ற பெயரா? பெண் செய்யும் வேலை இயல்பாகவே இலவசம் என்னும் பழைய எண்ணமன்றி இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஊதியமில்லாத திறமை நிலைக்காது. அதனிடம் நாம் கணக்குக் கேட்கவும் முடியாது.

மாணவராகிய நாம் என்ன செய்யலாம்? மருத்துவமும் செவிலியமும் பயிலும் நண்பர்கள் விடுமுறையில் ஓர் ஊர்ச் சுகாதார நிலையத்தில் சில நாள் உடனிருந்து கற்கலாம். மொழி வல்லார், பேறுகாலத்து ஆபத்து அறிகுறிகளை எளிய தமிழிலும் மராத்தியிலும் எழுதித் தரலாம். ஏனையோர் தம் வாக்கைக் கேட்டு வருவோரிடம், "எங்கள் வட்டத்தில் பேறு பார்க்கும் செவிலியர் எத்தனை பேர்? அவர்கள் கடைசியாகப் பயிற்சி பெற்றது எப்போது?" என்று கேட்கலாம். இந்த இரண்டு கேள்வியை ஊர்தோறும் கேட்கத் தொடங்கினாலே பல நாற்காலிகள் அசையும்.

பேறுகாலம் மறுபிறப்பு என்னும் பழமொழியைப் பாட்டிமார் சொல்லிக்கொள்ளட்டும். அதைச் சொல்லும்போது அவர்தம் குரலில் நடுக்கம் இருத்தல் வேண்டா. அதற்கான அறிவு நம்மிடம் உண்டு. வழிகாட்டிய ஊர்கள் நமக்கு அருகிலேயே உண்டு. கற்பிக்கும் பொறுமையும், கற்றவர்க்கு உரிய கூலி கொடுக்கும் நேர்மையுமே இனி வேண்டுவன. அவற்றைக் கேட்டுப் பெறும் கடமை கற்றவராகிய நமக்கே உரியது.